அத்தை இறுக்கிய எட்டுக் கம்பிகள்

எங்கள் ஊரில் சொந்த வீடும் அதற்கு ஒரு மொட்டை மாடியும் இருப்பவர்கள் தனிமைக்கு ஆசைப்படக் கூடாது. திருவண்ணாமலையில் மாதம் தவறாமல் பௌர்ணமி வரும். பௌர்ணமி வந்தால் சொந்தக்காரர்கள் வருவார்கள். மதியமே பஸ் பிடித்து வந்து, சாப்பிட்டு, சாயங்காலம் மலையைச் சுற்றக் கிளம்பி, விடியற்காலையில் காலை இழுத்துக்கொண்டு திரும்பி, மாடியில் வரிசையாகப் படுத்து எழுந்து, எட்டு மணிக்கு இட்லியை ஒரு கை பார்த்துவிட்டு, "அடுத்த மாசம் பாக்கலாம்" என்று போவார்கள். அம்மா பௌர்ணமியைக் காலண்டரில் பார்த்து நான் கண்டதில்லை. ஊறப்போட்ட அரிசியின் அளவைப் பார்த்தே நிலா எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று எனக்கும் தெரிந்துவிடும்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அத்தையின் தொலைநோக்கியைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல எங்கள் வீட்டில் ஆளுக்குப் பஞ்சமே இருந்ததில்லை என்பதற்காகத்தான்.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது அவளுக்கு இருபத்தெட்டு. அந்த இருபத்தெட்டு என்ற எண்ணை அம்மா உச்சரிக்கும்போது குரல் தானாகத் தாழ்ந்துவிடும். வீட்டில் யாருக்கோ காய்ச்சல் என்பதைப் போலச் சொல்வாள். அத்தைக்கு அதைப் பற்றிக் கவலை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. முந்தின வருடக் கோடை விடுமுறையில் டீச்சர்களுக்காக வேலூரில் நடந்த ஒரு முகாமுக்குப் போனவள், தட்டு அகலத்துக்கு ஒரு கண்ணாடி வில்லையோடும் ஒரு டப்பா கருப்புப் பொடியோடும் திரும்பி வந்தாள். மாடியில் பழைய தார் டிரம்மை நிறுத்தி, அதன் மேல் கண்ணாடியை வைத்து, பொடியும் தண்ணீரும் விட்டுத் தேய்த்துக்கொண்டே டிரம்மைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். தினமும் பள்ளி விட்டு வந்ததும் ஒரு மணி நேரம். நாலு மாதம்.

"ஊரே மலையைச் சுத்துது, இவ டிரம்மைச் சுத்தறா" என்று அம்மா பெரியம்மாவிடம் சொல்லி அலுத்துக்கொண்டாள்.

தேய்த்த கண்ணாடியை பெங்களூருக்கு அனுப்பிப் பூச்சு போட்டு வாங்கியதும் அது முகம் பார்க்கிற கண்ணாடியைவிடப் பளபளவென்று ஆகிவிட்டது. அதில் என் மூக்கு பூசணிக்காய் அளவுக்குத் தெரிந்தது. இனி வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன். அத்தை இனிமேல்தான் வேலை என்றாள்.

தொலைநோக்கி என்றால் கப்பல்காரன் கையில் வைத்துப் பார்க்கிற குழாய் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அத்தை கட்டியதோ என் தலைக்கு மேலே நிற்கிற ஒரு கூண்டு. கீழே மரப்பெட்டி, அதற்குள் பெரிய கண்ணாடி. மேலே ஒரு வளையம், அம்மாவின் பழைய சல்லடையிலிருந்து எடுத்தது. அந்த வளையத்தில் ஒரு குட்டிக் கண்ணாடியும், பக்கத்தில் கண்ணை வைத்துப் பார்க்க ஒரு வில்லையும். பெட்டிக்கும் வளையத்துக்கும் நடுவே, ஜன்னல் திரைக்குப் போடுகிற அலுமினியக் குழாய் நான்கு. ஏன் ஒரே பெரிய குழாயாகச் செய்யவில்லை என்று அப்பா கேட்டார். அப்படிச் செய்தால் மாடிப்படியில் ஏறாது, என்னால் தூக்கவும் முடியாது என்றாள் அத்தை.

கூண்டு நின்றது. ஆனால் ஆடியது. காக்கை பறந்தாலே ஆடியது. கீழ்க் கண்ணாடியும் மேல் கண்ணாடியும் இம்மி பிசகாமல் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நிலாவுக்குப் பதில் சளிதான் தெரியும் என்று அத்தை விளக்கினாள். அதனால் ஒவ்வொரு பக்கமும் குறுக்கே இரண்டிரண்டாக எட்டுக் கம்பி கட்டி இறுக்க வேண்டும். கம்பி கிடைத்துவிட்டது. இறுக்குவதற்கு என்ன போடுவது என்பதில்தான் வந்தது வினை.

அந்தச் சமயத்தில்தான் அம்மா நாலாவது ஜாதகத்தோடு வந்தாள். முதல் மூன்றையும் அத்தை ஏதேதோ சொல்லித் தட்டிக் கழித்திருந்தாள். இந்த முறை அம்மா விடுவதாக இல்லை. மாப்பிள்ளை கீழ்பென்னாத்தூர்க்காரர், மெட்ராஸ் பக்கம் இன்ஜினீயர், ஜோசியர் பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்று சொல்லிவிட்டார். இதற்கும் ஏதாவது சொன்னால் பிறந்த வீட்டுக்கே போய்விடுவேன் என்று அம்மா அழ ஆரம்பித்ததும், அத்தை கையிலிருந்த குறடைக் கீழே வைத்தாள்.

"அழாதீங்க அண்ணி. இது ஆடாம நிக்கட்டும். நின்ன மறுநாளே நீங்க யாரைக் கை காட்டறீங்களோ அவருக்குத் தலையாட்டறேன்."

அம்மா கூண்டை ஏற இறங்கப் பார்த்தாள். அதுவரை அதை ஒரு துடைப்பக்கட்டைக்குச் சமமாகக்கூட மதிக்காதவள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எதால ஆடுது?" என்று கேட்டாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வானசாஸ்திரத்தின் மேல் பக்தி வந்துவிட்டது. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. முந்தின வாரம்வரை "வயசுக்கு வந்த பொண்ணு பண்ற வேலையா இது" என்று கேட்டவர்கள், இந்த வாரம் கம்பியும் கயிறுமாக மாடி ஏறினார்கள்.

முதலில் வந்தவர் பெரியப்பா. பந்தல் காண்ட்ராக்டர். தீபத்துக்குப் பெரிய தெருவில் பாதிப் பந்தல் அவர் போட்டதுதான். எட்டு இடத்திலும் நைலான் கயிற்றைக் குறுக்கே கட்டி, நடுவில் ஒரு மூங்கில் குச்சியைச் செருகி, முறுக்கு முறுக்கு என்று முறுக்கினார்.

"ஆயிரம் பேரு உக்கார்ற பந்தலு பாப்பா. ஆடி மாசத்துக் காத்துக்கே அசையாது. இந்தக் கூண்டு இன்னா பிரமாதம்?"

உண்மையில் அசையவில்லைதான். அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. அத்தை மத்தியானம்வரை பொறுத்திருந்தாள். வெயில் ஏறியதும் கயிறு மெல்ல நெகிழ்ந்து, குச்சிகள் எட்டும் துவண்டு தொங்கின. மறுபடி முறுக்கலாமே என்றார் பெரியப்பா. ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் உங்களைக் கூப்பிட முடியுமா அண்ணா என்று அத்தை கேட்டாள். அவர் ஒரு வாரம் எங்கள் வீட்டில் காபி குடிக்கவில்லை.

அடுத்து அப்பா. கேபிள் வந்த பிறகும் அப்பா மாடியிலிருந்த டி.வி. ஆன்டெனாவைக் கழற்றாமல் வைத்திருந்தார். என்றைக்காவது கேபிள்காரன் கைவிட்டுவிடுவான் என்று அவருக்கு ஓர் எண்ணம். அந்த ஆன்டெனாக் கம்பத்தை மூன்று பக்கமும் இழுத்துப் பிடித்திருந்த கம்பிகளில் டர்ன்பக்கிள் என்று ஒன்று இருந்தது. நடுவில் ஓர் இரும்புக் கூடு, இரண்டு முனையிலும் கொக்கி வைத்த திருகாணி. கூட்டைத் திருப்பினால் இரண்டு கொக்கியும் ஒரே நேரத்தில் உள்ளே வரும். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. அப்பா சின்னக்கடை வீதிக்குப் போய் அதே மாதிரி எட்டு வாங்கி வந்தார். மாட்டித் திருப்பியதும் கூண்டு கிண்ணென்று நின்றது. ஆனால் கொஞ்ச நேரத்தில் அலுமினியக் குழாய்கள் நான்கும் வில்லாக வளைய ஆரம்பித்தன. போதாததற்கு இரும்பின் பாரம் தாங்காமல் மேல் வளையம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"இது கரண்டு கம்பத்துக்கு சரி அண்ணா. இதுக்கு வெயிட்டு ஜாஸ்தி" என்றாள் அத்தை.

"அப்ப குழாயை மாத்து."

"குழாயை மாத்தினா பெட்டியை மாத்தணும். பெட்டியை மாத்தினா வீட்டை மாத்தணும்."

அம்மாவும் சும்மா இருக்கவில்லை. சமையலறை ஜன்னல் திரையைக் கழற்றி, அதில் கோத்திருந்த ஸ்பிரிங்கை எடுத்துக்கொண்டு வந்தாள். தானே இழுத்துக்கொள்ளும், திருப்பவே வேண்டாம், தளர்ந்தாலும் அதுவே சரிசெய்துகொள்ளும் என்றாள். அம்மா சொன்னதில் நியாயம் இருந்தது. அத்தைகூட ஒரு நிமிடம் யோசித்தாள். மாட்டிப் பார்த்தால், ஒரு தட்டு தட்டியதும் கூண்டு அடங்கவே இல்லை. சாமி வந்தவள் மாதிரி ஆடியது. திரையில்லாத ஜன்னல் வழியாக எதிர்வீட்டுப் பூனை வந்து பாலைக் குடித்துவிட்டுப் போனதுதான் மிச்சம்.

இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளத் தள்ள, எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அத்தை நிஜமாகவே நல்ல இறுக்கியைத் தேடுகிறாளா, இல்லை எது வந்தாலும் தள்ளுவது என்று இருக்கிறாளா? டர்ன்பக்கிளைத் தள்ளியபோது அவள் முகத்தில் வருத்தமும் இருந்தது, ஒரு நிம்மதியும் இருந்தது. இரண்டும் எப்படி ஒரே முகத்தில் இருக்கும் என்று எனக்குப் புரியவில்லை. அம்மாவுக்கும் அதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். அத்தை இல்லாத நேரத்தில் என்னைக் கூப்பிட்டு, "ஏண்டி, அவ நிஜமாத்தான் பண்றாளா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

ஒரு சனிக்கிழமை அத்தையின் சைக்கிள் சக்கரம் கோணிக்கொண்டது. பே கோபுரத் தெரு முனையில் இருந்த பாயின் சைக்கிள் கடைக்கு அதைத் தள்ளிக்கொண்டு போனாள்; நானும் கூடப் போனேன். பாய் சக்கரத்தைக் கழற்றிக் கவையில் மாட்டிச் சுற்றிவிட்டு, கையில் ஒரு சின்னச் சாவியை வைத்துக்கொண்டு கோட்டம் எடுத்தார். ஸ்போக் கம்பியின் முனையில் இருக்கிற நிப்பிள் என்கிற குட்டித் திருகை இங்கே கால் சுற்று, அங்கே அரைச் சுற்று. நடுநடுவே விரலால் கம்பியைச் சுண்டி, காதைச் சாய்த்துக் கேட்பார். பிறகு இன்னொரு கால் சுற்று. கோணிய சக்கரம் மெல்ல மெல்ல நேராக ஓடியது.

அத்தை அசையாமல் நின்று பார்த்தாள். பத்து நிமிட வேலை முடிந்து பாய் சக்கரத்தை மாட்டியும் விட்டார், அவள் நகரவில்லை.

"பாய், இந்தக் கம்பி, நிப்பிளு, இந்தச் சாவி, தனியா குடுப்பீங்களா?"

"சக்கரம் எத்தினிம்மா கட்டப் போறீங்க?"

"சக்கரம் இல்ல பாய். எட்டே எட்டு ஸ்போக்குதான்."

"எட்டு ஸ்போக்குல எந்தச் சக்கரமும் நிக்காதே டீச்சரம்மா" என்று சிரித்துக்கொண்டே பாய் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

அன்று வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அத்தை பேசிக்கொண்டே வந்தாள். இரும்புதான், ஆனால் ஈர்க்குச்சிபோல எடையே இல்லை. ஒரு சுற்றுக்கு அரை மயிரிழைதான் நகரும். எவ்வளவு இறுகியிருக்கிறது என்று கம்பியே சத்தத்தில் சொல்லிவிடும். என்னிடம் சொன்னாளா தனக்கே சொல்லிக்கொண்டாளா தெரியாது. அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை. அப்படியானால் தள்ளிப்போடுவதற்காகத்தான் எல்லாவற்றையும் தள்ளினாள் என்று நான் நினைத்தது தப்பு. தப்புதானே? எனக்கு முன்பைவிட அதிகமாகக் குழம்பியது.

ஸ்போக்கைச் சாண் நீளத்துக்கு வெட்டி, தலையை வளைத்துக் கம்பியோடு பிணைத்து, மரை போட்ட முனையை மேல் வளையத்துத் தகட்டில் ஓட்டை போட்டு மாட்டினாள். அதன் பிறகு தினமும் சாயங்காலம் மாடியிலிருந்து டிங், டிங் என்று சத்தம் கேட்கும். எட்டும் ஒரே சத்தம் போட வேண்டும். ஒன்றை இறுக்கினால் எதிர்ப் பக்கத்துக் கம்பி தளர்ந்துவிடும். அதை இறுக்கினால் பக்கத்துக் கம்பி முறைத்துக்கொள்ளும். அம்மா படியில் நின்று, "நின்னுச்சா?" என்று கேட்பாள். "இன்னும் ஆடுது அண்ணி" என்று பதில் வரும்.

பதினைந்து நாள் பொறுத்த அம்மா, அத்தை பள்ளிக்குப் போயிருந்தபோது என்னிடம் ஒரு டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். "வளையத்து மேல வெச்சுப் பாரு. தண்ணி ஆடுதான்னு சொல்லு." நாற்காலி போட்டு ஏறி வைத்துப் பார்த்தேன். தண்ணீர் லேசாக நடுங்கியது. ஆனால் தெருவில் லாரி போய்க்கொண்டிருந்தது. என் கையும் நடுங்கியது. கீழே வந்து, "ஆடுது, ஆனா ஆடலை" என்றேன். அம்மா அதில் பிந்தியதை மட்டும் எடுத்துக்கொண்டாள். மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லி அனுப்பிவிட்டாள்.

நாள் குறிப்பதில் ஒரு சின்னத் தகராறு வந்தது. முழு நிலாவைத் தொலைநோக்கியில் பார்ப்பது வீண், வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது, வளர்பிறை அஷ்டமியன்று பாதி நிலாவைப் பார்த்தால்தான் பள்ளமும் மேடும் தெளிவாகத் தெரியும் என்றாள் அத்தை. அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். "அஷ்டமியில யாராச்சும் நல்ல காரியம் ஆரம்பிப்பாங்களா? பௌர்ணமிதான். அவங்களும் கிரிவலம் வராங்க. வந்த இடத்துல பாத்துட்டுப் போகட்டும். இன்னும் ஆடுதுன்னா நீ தலையாட்ட வேணாம், போதுமா?"

பௌர்ணமி வந்தது. வழக்கமான கூட்டத்தோடு மாப்பிள்ளை, அவர் அம்மா, அக்கா, அக்கா புருஷன். கேசரி, பஜ்ஜி, காபி. அத்தை பட்டுப்புடவையில் யாரோ மாதிரி உட்கார்ந்திருந்தாள். மாடியில் கூண்டின் மேல் போர்வை போட்டு மூடியிருந்தது. தொலைநோக்கியைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்று அம்மா என்னிடம் மூன்று தடவை சொல்லியிருந்தாள். அது நின்றால்தான் கல்யாணம் என்கிறார்கள், பிறகு அதையே ஏன் மறைக்கிறார்கள்? கேட்டால் அடி விழும் என்று கேட்கவில்லை.

மாப்பிள்ளையை எனக்குப் பார்த்த உடனே பிடித்துவிட்டது. எனக்கென்று தனியாகக் கடலை மிட்டாய் வாங்கி வந்திருந்தார். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "உங்க அத்தை வீட்ல என்ன பண்ணுவாங்க?" என்று மெதுவாகக் கேட்டார். சமையல், தையல், கோலம் என்று அம்மா சொல்லிக் கொடுத்த பதில் தொண்டைவரை வந்தது. வாயில் மிட்டாய் இருந்ததோ என்னவோ, வேறு ஒன்று வெளியே வந்துவிட்டது.

"கம்பி இறுக்குவாங்க."

அம்மாவின் பார்வை என் முதுகில் சுட்டது. மாப்பிள்ளையோ சிரித்துவிட்டு, என்ன கம்பி என்று கேட்டார். அப்பா தடுமாறி என்னவோ சொல்லப் பார்த்தார். அத்தை தலையை நிமிர்த்தி, "மேல இருக்குது. பாக்கறீங்களா?" என்றாள். எல்லோரும் மாடி ஏறினோம்.

போர்வையை எடுத்ததும் மாப்பிள்ளை கூண்டைச் சுற்றி ஒரு முறை நடந்தார். குனிந்து பெட்டிக்குள் பார்த்தார். வளையத்தின் கீழே விரலை வைத்து, "அட, சைக்கிள் ஸ்போக்கா! யாரு ஐடியா இது?" என்றார். என்னுடையதுதான் என்றாள் அத்தை. பிறகு சொல்ல ஆரம்பித்தாள். நைலான் கயிறு ஏன் நெகிழ்ந்தது, டர்ன்பக்கிள் ஏன் குழாயை வளைத்தது, ஸ்பிரிங் ஏன் அடங்கவில்லை, பாய் கடையில் என்ன பார்த்தாள், எல்லாவற்றையும். பட்டுப்புடவையை மறந்துவிட்டாள், கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். அவரும் ஒரு வார்த்தை குறுக்கிடாமல் கேட்டார். அம்மாவும் பெரியப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவுதான், கல்யாணம் முடிந்த மாதிரிதான் என்று எனக்கே தோன்றியது.

மாப்பிள்ளை வளையத்தை லேசாகத் தட்டினார்.

"கொஞ்சம் ஆடுதே."

"ஆமா. இந்த மூலையில ரெண்டு மட்டும் இன்னும் சரியா வரலை. வந்துடும்."

"சாவி எங்க? குடுங்க."

அத்தையின் கையில்தான் இருந்தது. கொடுத்தாளா, அவரே எடுத்துக்கொண்டாரா என்று எனக்கு இன்றும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, எல்லாக் கம்பியையும் ஒரு தரம் தளர்த்தி, எதிரும் புதிருமாக ஜோடி ஜோடியாக முடுக்கினார். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. கெட்டிக்காரர்; அதில் சந்தேகமே இல்லை. அம்மா ஓடிப் போய்த் தண்ணீர் டம்ளரைக் கொண்டு வந்து வளையத்தின் மேல் வைத்தாள். தெருவில் பஸ் போனது. தண்ணீர் இம்மிகூட அசையவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். நான்தான் அதிகமாகத் தட்டினேன்.

"என் புள்ள எதையும் அரைகுறையா விடமாட்டான்" என்றார் அவர் அம்மா.

மாப்பிள்ளை அத்தையைப் பார்த்து, நிஜமான அன்போடுதான், "நீங்க எதுக்கு இவ்ளோ கஷ்டப்பட்டீங்க? இனிமே இந்த மாதிரி வேலையெல்லாம் எங்கிட்ட விட்டுடுங்க" என்று சொன்னார். சொல்லிக்கொண்டே சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சொந்தக்காரர்கள் உருகிப்போனார்கள். இந்தக் காலத்தில் எந்த ஆண்பிள்ளை இப்படிச் சொல்கிறான் என்று பெரியம்மா வாய்விட்டே சொன்னாள்.

கிழக்கே வீடுகளுக்கு மேலே நிலா வந்தது. மாப்பிள்ளையே கூண்டைத் திருப்பி, வில்லையைச் சரிசெய்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் காட்டினார். மூத்தவர்கள் முதலில். கன்னத்தில் போட்டுக்கொண்டவர்கள் உண்டு, "சுண்ணாம்பு அடிச்ச சுவரு மாதிரி இருக்குது" என்று ஏமாந்தவர்களும் உண்டு. என் முறையில் ஒரே வெள்ளை வெளிச்சம் தெரிந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. கடைசியில்தான் அத்தைக்கு வாய்த்தது. அதற்குள் நிலா நகர்ந்துவிட்டிருந்ததால், அவர் மறுபடி அதைத் தேடிப் பிடித்து, இப்போது பாருங்கள் என்று ஒதுங்கி நின்றார். அத்தை குனிந்து பார்த்தாள்.

"தெரியுதா?"

"தெரியுது" என்றாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் மாப்பிள்ளை வீட்டில் சம்மதம் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார்கள். சாவியும் அவர் பையிலேயே போய்விட்டது. அப்பா எதற்கும் முகூர்த்த நாளைப் பார்த்துவைக்கலாம் என்று பஞ்சாங்கத்தைத் தேடிக்கொண்டிருந்தார். அத்தை என்னைக் கூப்பிட்டு, பாய் கடைக்குப் போய் இன்னொரு சாவி வாங்கி வரச் சொன்னாள். வாங்கி வந்து கொடுத்தேன். மாடிக்குப் போனாள். நானும் போனேன்.

அவள் முதல் நிப்பிளில் சாவியை மாட்டி இடது பக்கமாகத் திருப்பினாள். கம்பி தொய்ந்தது. இரண்டாவது. மூன்றாவது. மறந்துபோய் எதிர்ப் பக்கமாகத் திருப்புகிறாள் என்று நினைத்து, "அத்தை, அந்தப் பக்கம் இல்ல" என்றேன். அவள் காதில் விழவில்லை. எட்டும் தொய்ந்து, கூண்டு பழையபடி ஆடியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. எத்தனை மாதமாக எத்தனை பேர் பாடுபட்டு, கடைசியில் ஒரு நல்ல மனிதர் வந்து பத்து நிமிடத்தில் சரிசெய்து கொடுத்ததை! ஓடிப் போய் அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா தோசைக் கரண்டியும் கையுமாக மேலே வந்தாள். வந்த வேகத்தைப் பார்த்தால் அன்றைக்கு வீடு இரண்டாகும் என்றுதான் தோன்றியது.

"அவரு நல்லாத்தானே இறுக்கினாரு?"

"ரொம்ப நல்லா இறுக்கினாரு அண்ணி."

அத்தை அழவில்லை, கோபப்படவும் இல்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, தொய்ந்த கம்பிகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அம்மா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். கீழே தோசை தீய்கிற வாசனை வந்தது; அதற்கும் அவள் அசையவில்லை. பிறகு கரண்டியைக் கைப்பிடிச் சுவரின் மேல் வைத்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, வளையத்தை இரண்டு கையாலும் நேராகப் பிடித்தாள்.

"நான் பிடிச்சிக்கறேன். நீ திருப்பு."

அத்தை திருப்பினாள். சுண்டினாள். கேட்டாள். மறுபடி திருப்பினாள். அந்த வேலை முடிய மத்தியானம் ஆகிவிட்டது. இடையில் ஒரு தடவை மட்டும் அம்மா, "இது சத்தம் கம்மியா இருக்கே" என்று ஒரு கம்பியைக் காட்டினாள். இரண்டு பேருக்கும் புத்தி பிசகிவிட்டது என்று நான் முடிவு செய்து, காலியான வயிற்றோடு படியில் உட்கார்ந்திருந்தேன். முடிந்ததும் டம்ளர் வைத்துப் பார்க்கவில்லை. அம்மா வளையத்திலிருந்து கையை எடுத்தாள், அது நின்றது.

சாப்பாட்டு நேரத்தில் அப்பாவிடமும் பெரியப்பாவிடமும் அம்மா சொன்னாள். "அந்த இடம் வேணாங்க. ஜாதகத்தை இன்னொரு ஜோசியர்கிட்ட காட்டினேன். ரஜ்ஜுப் பொருத்தம் இல்லையாம்."

அப்பா கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்துவிட்டார். பெரியப்பா தலையில் கையை வைத்துக்கொண்டார். ரஜ்ஜு இல்லை என்றால் யாரும் எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியாது. அது புருஷனுடைய ஆயுள் விஷயம். மாப்பிள்ளை வீட்டிலும் அப்படியே ஒப்புக்கொண்டு, வருத்தப்பட்டு, மரியாதையாக விலகிக்கொண்டார்கள். அத்தை தலைகுனிந்து ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. "எப்பம்மா காட்டின? காலையிலருந்து மாடியிலதானே இருந்த? எட்டுப் பொருத்தம்னு அந்த ஜோசியர் சொன்னாரே!" என்றேன். மேசைக்கு அடியில் தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. அந்தத் தடம் ரெண்டு நாள் இருந்தது.

அதற்குப் பிறகு அம்மா மாடிப்படியில் நின்று "நின்னுச்சா?" என்று கேட்கவே இல்லை. தலையாட்டுகிற பேச்சையும் எடுக்கவில்லை. அத்தைக்கு மூன்று வருடம் கழித்துக் கல்யாணம் நடந்தது. அந்தப் புது மாப்பிள்ளைக்குக் கம்பியைப் பற்றியும் தெரியாது, நிலாவைப் பற்றியும் தெரியாது.

கிள்ளு வாங்கிய அன்று சாயங்காலம் அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன். தொடை வலித்தது, ஆனாலும் கேட்டுவிடுவது என்று வந்திருந்தேன்.

"அவர் இறுக்கினப்பவும் ஆடலை. அத்தை இறுக்கினப்பவும் ஆடலை. ரெண்டும் ஒண்ணுதானேம்மா?"

அம்மா சாம்பல் கையோடு ஒரு நிமிடம் என்னையே பார்த்தாள். பிறகு குனிந்து பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"ஒண்ணுதான். போய்ப் படி."

அம்மா சொன்னதை நான் ரொம்ப வருடங்கள் நம்பிக்கொண்டிருந்தேன்.